கௌபாய்கள் நிஜமாகவே கவிதை சொன்னார்களா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். சின்ன வயதிலிருந்து டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். ராத்திரியில் தீ மூட்டி, காபி காய்ச்சி, மாடு ஓட்டிவந்தவர்கள் பாட்டும் கதையுமாக உட்கார்ந்திருக்கும் காட்சி அவருக்கு மனப்பாடம். ‘கௌபாய் கவிதை’ என்று ஒரு தனி வகையே அமெரிக்காவில் இருப்பதாக அண்மையில் எங்கோ படித்திருக்கிறார். அதை நிஜமாகவே அந்தக் காலத்து மாட்டுக்காரர்கள் பாடினார்களா, இல்லை பிற்பாடு பட்டணத்துக்காரர்கள் கட்டிவிட்டார்களா என்பது முதல் கேள்வி. படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஒரு பாட்டை ‘நிஜமான கௌபாய் பாட்டு’ என்று எதை வைத்துச் சொல்வது? எழுதியவர் மாடு மேய்த்தவரா என்பதை வைத்தா, பாட்டு 1870-களிலேயே இருந்ததா என்பதை வைத்தா, அல்லது எழுதியவர் பெயரே தெரியாமல் வாய்மொழியாக வந்ததா என்பதை வைத்தா? இந்த மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘எல்லாம் நிஜம்’ என்று ஒரு கட்சியும் ‘எல்லாம் ஹாலிவுட்’ என்று ஒரு கட்சியும் கிளம்புகின்றன. நான் ஒரு கல்லூரியில் 24 வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். அதில் பெரும்பகுதி கதைப்பாடல்கள்: ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாடல்கள், அவை கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய் என்ன ஆயின என்பது. ஒரே பாட்டின் ஐந்தாறு வடிவங்களைப் பக்கத்தில் வைத்து எது முந்தியது, எது ஒட்டியது என்று பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவன் இல்லை. ஆகவே அந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்வதெல்லாம், அதைச் செய்தவர்கள் எழுதிவைத்ததை நம்பிச் சொல்வது.

முதலில் காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்ஸாஸில் நீளக்கொம்பு மாடுகள் காடுமேடெல்லாம் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர். வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் 40 டாலர் வரை. ரயில் அப்போது கான்சாஸ்வரை வந்துவிட்டது. 1867-இல் ஜோசஃப் மெக்காய் என்ற வியாபாரி அபிலீன் என்ற சிற்றூரில் தொழுவங்கள் கட்டி மாட்டை ரயிலேற்றத் தொடங்கினார். டெக்ஸாஸிலிருந்து ஆயிரம் மைல் தூரத்தை ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து மைல் என்று இரண்டு மூன்று மாதம் நடத்தியே கடந்தார்கள். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆள், ஒரு சமையல்காரர், அவருக்கு ஒரு வண்டி. 1874-இல் ஜோசஃப் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்; திறந்த மேய்ச்சல் நிலத்தில் வேலி விழத் தொடங்கியது. 1886–87 பனிக்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதோடு அந்தத் தொழில் பழைய மாதிரி இல்லை. மொத்தமே இருபது வருஷம்தான். நாம் ‘கௌபாய் காலம்’ என்று நினைப்பது ஒரு தலைமுறைக்கும் குறைவான காலம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவதற்கு இது முக்கியம்.

சரி, அந்த இருபது வருஷத்தில் அவர்கள் பாடினார்களா? பாடினார்கள். அதில் சந்தேகம் வேண்டாம். தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடியதைவிட, தீயிலிருந்து விலகி இருட்டில் தனியாகப் பாடியதுதான் அதிகம். ராத்திரி மந்தை படுத்த பிறகு இரண்டு பேர் குதிரையில் அதைச் சுற்றி வருவார்கள். ஒருவர் வலமாக, ஒருவர் இடமாக. ஒரு சுற்றில் இரண்டு தடவை எதிரெதிரே சந்தித்துக் கடப்பார்கள். இரண்டு மணி நேரம் போல ஒரு முறை. பிறகு அடுத்த இருவரை எழுப்பிவிட்டுப் படுக்க வேண்டும். நீளக்கொம்பு மாடு பாதிக் காட்டுமாடு. தூரத்து மின்னல், ஒரு குச்சி முறியும் சத்தம், யாரோ தீக்குச்சி உரசுவது, இது போதும். இரண்டாயிரம் மாடும் ஒரே நொடியில் எழுந்து ஓடும். அந்த ஓட்டத்தை மடக்க வேண்டுமென்றால் இருட்டில், பள்ளம் மேடு தெரியாமல், முன்னால் ஓடும் மாட்டுக்குப் பக்கவாட்டில் குதிரையை விட்டு நெருக்கித் திருப்ப வேண்டும். அதில் செத்தவர்கள் பலர். அதனால்தான் இரவுக்காவலில் இருப்பவர் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஆள் இங்கே வருகிறான் என்று மாட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். திடீரென்று ஓர் உருவம் முன்னால் நிற்கக் கூடாது.

இதை வகுப்பில் நான் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். ராமநாதபுரம் பக்கம், வீட்டில் கிடைமாடு வைத்திருந்தவர்கள். “சார், எங்கப்பா ராத்திரி கிடைக்குள்ள போனா ‘பா… பா…’ன்னு இழுத்துக்கிட்டேதான் போவாரு. பேசாம போனா மாடு வெருளும். அந்தச் சத்தத்துக்கு அர்த்தமெல்லாம் கிடையாது சார்” என்றார். நான் புத்தகத்தில் படித்துச் சொன்னதை அவர் தன் அப்பாவின் தொண்டையிலிருந்து சொன்னார். பழைய கௌபாய்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளும் இதையேதான் சொல்கின்றன. பாட்டு வேண்டும் என்பதில்லை. இழுவை வேண்டும், மெதுவாக வேண்டும், நிற்காமல் வேண்டும். சொல் தீர்ந்தால் வெறும் முனகல். அம்மா சொல்லிக்கொடுத்த தேவாலயப் பாட்டுகளைத்தான் பலர் பாடினார்கள். ஏனென்றால் மெதுவாகப் பாடக்கூடியதாக, நிறைய அடிகளோடு அவர்களுக்குத் தெரிந்தது அதுதான்.

அப்படியானால் தனியாகக் கௌபாய் பாட்டு என்று ஒன்று எப்படி உண்டானது? பழைய பாட்டுக்குப் புதுச் சட்டை போட்டுத்தான். ‘ஆளற்ற புல்வெளியில் என்னைப் புதைக்காதீர்கள்’ என்று சாகிறவன் கெஞ்சும் பாட்டு உலகம் முழுக்கத் தெரிந்தது. அதன் மூலம் ஒரு கடல் பாட்டு. எட்வின் சாப்பின் என்பவர் 1839-இல் எழுதியது. அதில் கப்பலில் சாகிறவன் ‘ஆழ்கடலில் என்னைப் புதைக்காதீர்கள்’ என்கிறான். கடலை எடுத்துவிட்டுப் புல்வெளியை வைத்தார்கள், அவ்வளவுதான். கான்சாஸில் நின்று பார்த்தால் அந்த மாற்றத்துக்கான காரணம் புரியும் என்பார்கள்: நாலா பக்கமும் அடிவானம்வரை ஒன்றுமே இல்லை. லரேடோ நகரத் தெருவில் வெள்ளைத்துணி சுற்றிய இளம் கௌபாய் தன் சவ ஊர்வலத்துக்கு ஏற்பாடு சொல்லும் பாட்டும் அப்படியே. அதன் வேர் பிரிட்டன், அயர்லாந்தில் புழங்கிய ‘கெட்டழிந்த வாலிபன்’ பாட்டு. அந்த வாலிபன் பெண்சகவாசத்தில் நோய் வாங்கிச் சாகிறான். கௌபாய் துப்பாக்கிக் குண்டில் சாகிறான். ஆனால் மேளம் மெல்லக் கொட்டுங்கள், குழல் மெல்ல ஊதுங்கள் என்று ராணுவ மரியாதை கேட்பது மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாடு மேய்ப்பவனுக்கு ஏன் ராணுவ மேளம் என்று எந்தப் பாடகரும் யோசிக்கவில்லை. பாட்டின் வயதைக் கண்டுபிடிக்க இந்த மாதிரிப் பொருந்தாத் துண்டுகள்தான் எங்களுக்குக் கைகொடுப்பவை.

பாடியவர்கள் யார் என்பதிலும் காமிக்ஸ் நமக்குக் காட்டியது பாதிதான். தொழிலே மெக்சிகோக்காரர்களிடமிருந்து வந்தது. ரான்ச், ரோடியோ, மஸ்டாங், லாரியட் எல்லாம் ஸ்பானியச் சொற்கள். நெவாடா பக்கம் கௌபாயை ‘பக்கரூ’ என்பார்கள், அது மாட்டுக்காரரைக் குறிக்கும் ‘வக்கேரோ’ என்ற ஸ்பானியச் சொல் திரிந்தது. அந்த வக்கேரோக்களுக்குத் தங்கள் சொந்தக் கதைப்பாடல் மரபு உண்டு, ‘கொரீதோ’ என்று பெயர். கான்சாஸுக்கு மாடு ஓட்டிப்போனதைப் பற்றிய கொரீதோ ஒன்று எல்லைப்புறத்தில் கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவற்றுள் சேர்ந்தது. அமெரிக்கோ பரேதெஸ் என்ற அறிஞர் இந்தப் பாடல்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். விடுதலையான கறுப்பின அடிமைகளும் பெரும் எண்ணிக்கையில் இந்த வேலைக்கு வந்தார்கள். ‘நாலில் ஒருவர் கறுப்பினத்தவர்’ என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது மதிப்பீடு, கணக்கெடுப்பு இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள், பாடினார்கள் என்பது மதிப்பீடு இல்லை.

ஜாக் தார்ப் கதையே அதற்குச் சாட்சி. நியூயார்க்கில் வசதியான வீட்டில் பிறந்து நியூ மெக்சிகோவுக்கு மாடு மேய்க்கப் போனவர். 1889-இல் ஒரு ராத்திரி கறுப்பினக் கௌபாய்களின் கூடாரத் தீயருகே கேட்ட பாட்டுதான் தன்னைத் தேட வைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு பல வருஷம் குதிரையில் அலைந்து பாட்டுச் சேர்த்தார். யாரிடமும் முழுப்பாட்டு இருக்காது. ஒருவரிடம் இரண்டு அடி, அடுத்த பண்ணையில் இன்னொருவரிடம் ஓர் அடி. 1908-இல் எஸ்டான்சியா என்ற ஊரின் சின்ன அச்சகத்தில் 23 பாட்டுகளை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். விலை 50 சென்ட். கௌபாய் பாட்டுக்கென்று வந்த முதல் தொகுப்பு அது.

அதில் இருந்த ஒரு பாட்டை நிதானமாகப் பார்க்கலாம். ‘லிட்டில் ஜோ’ என்று பெயர். சாயங்காலம் மாட்டு முகாமுக்கு ஒரு பையன் குதிரையில் வருகிறான். காலில் முரட்டுச் செருப்பு, உடம்பில் வேலைக்கார உடுப்பு. இவ்வளவு பரிதாபமான பையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்கிறார் கதைசொல்லி. சேணம் ஆதிகாலத்துச் சேணம். குதிமுள், அதாவது குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டும் இரும்பு, ஒரு காலில் மட்டும். படுக்கையைப் பருத்திச் சாக்கில் சுருட்டி லேசாகக் கட்டியிருக்கிறான். அப்பா மறுமணம் செய்துகொண்டார், சித்தி ஒன்றிரண்டு நாளுக்கொரு தடவை அடித்தாள், ஓடிவந்துவிட்டேன் என்கிறான். முதலாளிக்குப் பிடித்துப்போகிறது. மாற்றுக்குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுக்கிறார். முகாமில் அதுதான் கடைநிலை வேலை, பையன்களுக்குக் கொடுப்பது. ஒருநாள் இரவு புயல். எல்லோரையும் எழுப்புகிறார்கள், மந்தை மிரண்டு ஓடுகிறது. மின்னல் வெளிச்சத்தில் பார்த்தால், முன்னால் ஓடும் மாட்டை மடக்க எல்லோருக்கும் முந்தி ஓடுகிறவன் இந்தப் பையன். விடிந்து தேடினால் இருபதடிப் பள்ளத்தில் குதிரைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறான்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒற்றைக் குதிமுள்தான். அழவைக்க நினைக்கிற கவிஞன் கிழிந்த சட்டையையும் ஒட்டிய வயிற்றையும் எழுதுவான். குதிமுள் இரண்டு வேண்டும், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் விடாமல் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பதை அந்த வேலை செய்தவன்தான் பார்ப்பான். பையனுக்குக் கௌபாய் ஆக எவ்வளவு ஆசை என்பது அந்த ஓர் இரும்பில் இருக்கிறது. இந்தப் பாட்டை எழுதியவர் தார்ப்பேதான். 1898-இல் ஒரு மாட்டுப் பயணத்தில், அப்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டில் எழுதினார். ஆனால் அவர் பெயரில்லாமலே பாட்டு ஊர் ஊராகப் போய்விட்டது. பத்தே வருஷத்தில் ‘பழைய நாட்டுப்பாட்டு’ ஆகிவிட்டது.

உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1910-இல் ஜான் லோமாக்ஸ் என்ற பேராசிரியர் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். அமெரிக்கா முழுக்கக் கௌபாய் பாட்டு தெரியவந்தது அதனால்தான். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பாட்டுகள் ஒரு கூட்டம் சேர்ந்து தானாக விளைவித்தவை, தனியாசிரியர் இல்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பிற்பாடு ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தபோது பெயர்கள் வெளியே வந்தன. ‘இலையுதிர் காலத்தில் வேலை முடிந்ததும் அம்மாவைப் பார்க்கப் போவேன்’ என்ற பாட்டு மொண்டானாக் கௌபாய் ஓமாலி 1893-இல் மைல்ஸ் சிட்டியின் மாட்டுவியாபாரப் பத்திரிகையில் எழுதிய கவிதை. ‘ஒரு கௌபாயின் பிரார்த்தனை’யை எழுதியவர் பேட்ஜர் கிளார்க். மெதடிஸ்ட் போதகரின் மகன். காசநோய்க்கு வறண்ட காற்று வேண்டி அரிசோனா போனவர், டூம்ஸ்டோன் அருகே ஒரு பண்ணையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தபோது 1906-இல் எழுதினார். அது ‘எழுதியவர் யாரோ’ என்ற குறிப்போடு அஞ்சலட்டைகளில் அச்சாகிப் பல வருஷம் விற்றது. எழுதியவர் 1957 வரை உயிரோடு இருந்தார்.

எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்ற ‘ஹோம் ஆன் த ரேஞ்ச்’ பாட்டைக் கட்டியவர் கௌபாயே இல்லை. புரூஸ்டர் ஹிக்லி என்ற டாக்டர், 1870-களின் தொடக்கத்தில் கான்சாஸின் ஸ்மித் மாவட்டத்தில் நிலம் எடுத்துக் குடியேறியவர். அவர் கவிதைக்கு டேனியல் கெல்லி என்பவர் மெட்டுப் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, மறந்துபோனது. ஆனால் பாட்டு மாட்டுப்பாதை வழியே நடந்து டெக்ஸாஸ் போயிருக்கிறது. சான் அன்டோனியோவில் மதுக்கடை வைத்திருந்த, முன்பு மாட்டுப்பாதையில் சமையல்காரராக இருந்த ஒரு கறுப்பினத்தவர் பாடித்தான் லோமாக்ஸுக்கு அது கிடைத்தது. 1930-களில் வானொலியில் அது நாடெங்கும் ஒலித்தபோது, ‘இது எங்கள் பாட்டு’ என்று அரிசோனாவிலிருந்து ஒரு தம்பதி 1934-இல் 5 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பழைய ஆட்களை விசாரித்து, கடைசியில் கான்சாஸ் டாக்டரிடம் வந்து சேர்ந்தார். வழக்கு தள்ளுபடி. 1947-இல் அது கான்சாஸ் மாநிலப் பாட்டு ஆனது. எழுதியவர் டாக்டர், சுமந்தவர் சமையல்காரர், அச்சேற்றியவர் பேராசிரியர். இதை நிஜமான கௌபாய் பாட்டு என்பதா, இல்லை என்பதா? ஆமாம் என்பேன், அந்தச் சமையல்காரருக்காக. ஒரு பாட்டை வேலைக்கு நடுவே ஞாபகம் வைத்து, அடுத்தவருக்குக் கொடுத்தவர்களுக்கும் அது சொந்தம்தான்.

ஆக, என் பதில் இது. 1870-களின் இரவுக்காவலில் பாடியது பெரும்பாலும் கடன் வாங்கிய பாட்டு. நாம் இன்று கௌபாய் கவிதை என்று படிப்பதில் பெரும்பகுதி 1890-க்கும் 1930-க்கும் நடுவே, திறந்த மேய்ச்சல் காலம் முடிந்த பிறகு, மாட்டு வேலை தெரிந்தவர்கள் தங்கள் பெயரோடு எழுதியது. அதைப் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பர்சில் வைத்துக்கொண்டும் மனப்பாடம் செய்தும் பரப்பியவர்களும் அதே வேலைக்காரர்கள். பட்டணத்துக்காரர்கள் கட்டியது என்று இதைத் தள்ளிவிட முடியாது. நேரில் கேட்ட ஒலிப்பதிவு என்றும் நம்பிவிடக் கூடாது. முடிந்துபோன ஒன்றைப் பற்றி, அதில் கொஞ்சமாவது வாழ்ந்தவர்கள் சொன்னது. அதனால்தான் இந்தக் கவிதைகளில் இவ்வளவு இலையுதிர் காலமும் இவ்வளவு பழைய குதிரைகளும் வருகின்றன.

கதைகளுக்கு வருகிறேன். தீயைச் சுற்றிச் சொன்ன கதைகளில் தனி ருசி உள்ளது புளுகுக் கதை. முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஊர் பெயர், குதிரை பெயர், வானிலை எல்லாம் துல்லியமாகச் சொல்லிக்கொண்டே போய் ஒரு பெரும்புளுகில் இறக்குவார்கள். புதிதாக வந்தவன் நம்பினால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அரிசோனாவின் கெயில் கார்ட்னர் இதைக் கவிதையாக்கினார். பிரெஸ்காட் நகரத்தில் குடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் இரண்டு கௌபாய்கள் வழியில் சாத்தானையே சந்திக்கிறார்கள். பயப்படுவதற்குப் பதிலாகச் சுருக்குக் கயிற்றை வீசிப் பிடிக்கிறார்கள். மாட்டுக்குச் செய்வது போலவே சூட்டுக்குறி போட்டு, கொம்பை அறுத்து, விளையாட்டுக்கு வாலில் முடிச்சும் போட்டு மரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். கார்ட்னர் கல்லூரிப் பட்டதாரி, கூடவே மாடு மேய்த்தவர். 1917-இல் போருக்குப் போகும் வழியில் ரயிலில் எழுதினார். அந்த வால் முடிச்சைத் தவிர, சாத்தானுக்குச் செய்வதெல்லாம் கன்றுக்குட்டிக்கு வருஷாவருஷம் செய்யும் வேலையின் அதே வரிசை. வேலை தெரிந்தவர்கள் சிரிப்பதற்குக் காரணம் அந்த வரிசைதான்.

இதே வகையில் ஏமாற வேண்டிய இடமும் உண்டு. சூறாவளி மேல் சவாரி செய்யும் பெக்கோஸ் பில் என்ற வீரனைக் கௌபாய்களின் வாய்மொழிக் கதாநாயகன் என்று பள்ளிப்புத்தகங்கள் சொல்லும். எழுத்தில் அவன் முதலில் நன்கு தெரியவந்தது 1923-இல் எட்வர்ட் ஓ’ரைலி ஒரு பத்திரிகையில் எழுதியபோது. அதற்கு முன் கௌபாய்கள் அவனைச் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் காட்ட முடியவில்லை. ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டாரியல் அறிஞர் இப்படிப்பட்டவற்றைப் போலி நாட்டார் வழக்கு என்று பிரித்தார். நானும் அந்தப் பக்கம்தான்.

நாட் லவ் விஷயம் இன்னும் சிக்கல், எனக்கு இன்னும் பிடித்தது. 1854-இல் டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர், விடுதலைக்குப் பிறகு கௌபாய் ஆனார், 1907-இல் சுயசரிதை எழுதினார். 1876 ஜூலை 4 அன்று டெட்வுட் ஊரில் நடந்த போட்டியில் கயிறு வீசுவதிலும் சுடுவதிலும் வென்று ‘டெட்வுட் டிக்’ என்ற பட்டம் வாங்கியதாகச் சொல்கிறார். அந்தப் பெயரில் மலிவுவிலை நாவல் கதாநாயகன் ஒருவன் 1877-லிருந்து வந்துகொண்டிருந்தான். அந்தக் கதாநாயகன் தான்தான் என்று சொல்லிக்கொண்டவர்கள் பலர். போட்டியை உறுதிப்படுத்தும் சான்று இல்லாததால் வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆனால் மாட்டைப் பற்றியும் பாதையைப் பற்றியும் எழுதும்போது அவர் தொழில் தெரிந்தவராகவே எழுதுகிறார். பிற்பாடு அவர் ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக வேலை பார்த்தார். மந்தையோடு நடந்து கடந்த நாட்டை, பயணிகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்திருப்பார். அந்தப் புத்தகத்தின் மிகைகளை நான் அந்தச் சன்னலை நினைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். இவை காதுக்கு எழுதியவை. நாலு தட்டு, மூணு தட்டு என்று மாறிமாறி வரும் பழைய கதைப்பாடல் சந்தம், அடி முடிவில் இயைபு. நம்மூர்க் கும்மியும் அம்மானையும் தெரிந்தவர்களுக்கு இது ஏன் மனதில் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. குதிரை நடையிலிருந்து சந்தம் வந்தது என்று அழகாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிப்ளிங்கின் கவிதைகளும், 1907-க்குப் பிறகு ராபர்ட் சர்வீஸின் கவிதைகளும் இந்தக் கௌபாய்களிடம் வெகுவாகப் பரவியிருந்தன, சந்தம் அங்கிருந்து வந்ததாகவே காது சொல்கிறது. பாட்டு மாட்டை அமைதிப்படுத்தியதா என்பதும் அப்படித்தான். குரல் கேட்டால் மாடு வெருளாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். இசைக்கு மயங்கியது என்பது கவிஞர்கள் சேர்த்தது. தூங்கிவிழாமல் இருக்கவே பாடினோம் என்று சொன்ன கௌபாய்களும் உண்டு.

இந்தக் கவிதைகளில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். ‘ஆளற்ற புல்வெளி’ ஆளற்றதாக இருந்ததில்லை. கொமாஞ்சி, செயேன், லகோட்டா மக்களின் நிலம் அது. அவர்களுடைய எருமைகளை அழித்து, அவர்களையும் துரத்திய இடத்தில்தான் மாடு மேய்ந்தது. பழைய கவிதைகளில் இதைப் பற்றி அநேகமாக மௌனம்தான். அந்த மௌனத்தோடு சேர்த்தே படியுங்கள். இன்று க்ரோ இனத்தைச் சேர்ந்த ஹென்றி ரியல் பேர்ட் எழுதுகிறார். மொண்டானாவின் அரசவைக் கவிஞராக இருந்தபோது 2010-இல் குதிரையேறி அந்த மாநிலத்தின் குறுக்கே போய், வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கவிதைப் புத்தகம் கொடுத்தார். பெண்களில் அரிசோனாவின் ஷார்லட் ஹால் முக்கியம்: பண்ணையில் வளர்ந்து, கவிதை எழுதி, 1909-இல் அந்தப் பிரதேசத்தின் அதிகாரபூர்வ வரலாற்றாளராக ஆனவர்.

மரபு செத்துவிட்டதா என்றால், இல்லை. 1985 ஜனவரியில் ஹால் கேனன் என்ற நாட்டாரியலாளரும் வாடி மிட்செல் என்ற பக்கரூவும் இன்னும் சிலரும் சேர்ந்து நெவாடாவின் எல்கோ ஊரில் ஒரு கூடுகை நடத்தினார்கள். ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம், பண்ணையில் அப்போதுதான் வேலை குறைவு. அந்தப் பனிக்காலத்தில்தான் ஆட்கள் கிளம்பி வர முடியும். அது இன்றுவரை நடக்கிறது. டெக்ஸாஸின் பக் ராம்சி அங்கே புகழ்பெற்றவர். குதிரையில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகுதான் அவருடைய பெரிய கவிதைகள் வந்தன.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். புரூஸ் கிஸ்கடனிடம் தொடங்குங்கள். 1898-இல் கொலராடோவில் மாட்டு வேலைக்குச் சேர்ந்தவர், 1924-இல் முதல் புத்தகம் போட்டார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போய், 1950-இல் சாகும்வரை ஓட்டல்களில் சீருடை போட்டுப் பெட்டி தூக்கும் வேலை பார்த்தார். மணி அடிக்காமல் சும்மா இருக்கும் நேரத்தில் கவிதை எழுதுவார். ஊர் மாட்டுச்சந்தை நிறுவனத்தின் நாள்காட்டியில் மாதம் ஒன்றாக அவை அச்சாகும். காத்தரின் ஃபீல்ட் என்பவர் படம் போடுவார். பண்ணைச் சமையலறைகளில் அந்தத் தாளை மாதம் முடிந்தும் கிழித்தெறியாமல் எடுத்துவைத்தார்கள். அவருடைய இலையுதிர் காலக் கவிதை ஒன்று: கடைசிப் பெரிய காளையையும் தள்ளி ரயிலில் ஏற்றியாகிவிட்டது. கோடைக்கால ஆட்களுக்கு இனி வேலை இல்லை. மிச்சமிருப்பவர்கள் வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் பண்ணைக்குத் திரும்புகிறார்கள். வருத்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் வெயில்காலத்தில் இருந்த மாதிரியும் இல்லை. மனசும் வானிலையும் ஒன்றாகவே போகின்றன என்கிறார். அதைக் கண்ணால் படிக்காதீர்கள். எல்கோவில் பதிவான குரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன, முதலில் ஒருமுறை கேளுங்கள். அப்புறம் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.